ஆறு வார ரொட்டி

கடந்த ஆண்டு ஆகஸ்டு தொடங்கி செப்டம்பர் பாதி வரை, ஒரு நாள் விடாமல், காலை ஆறரை மணிக்கு என் தங்கை மலேசியாவின் பட்டர்வொர்த்தில் சித்தப்பா ரொட்டி போடும் கடைக்கு வந்துவிடுவாள். வீசிப் போடும் மைதா ரொட்டியான ரொட்டி சானாய் இரண்டு, ஒரு கிண்ணம் பருப்புக் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவாள். பார்க்கிறவர்களுக்கு யாரோ ஒரு பெண் பசியாறிவிட்டுப் போகிறாள் என்றுதான் தோன்றியிருக்கும். முதல் துண்டைப் பிய்த்து வாயில் வைக்கும்போதே அவளுக்குத் தெரியும், பத்து மணிக்குள் வயிறு மத்தளமாக உப்பிவிடும், மதியத்துக்குள் மூன்று முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும், இரவில் வாய்ப்புண் எரியும் என்று. தெரிந்தேதான் சாப்பிட்டாள். ஆறு வாரம் கோதுமை சாப்பிட்டே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ரொட்டிக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்ற சித்தப்பா அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக ரொட்டி போடுகிறவர். தன் கையால் போட்டதை ஒருவர் வயிறார உண்பதைப் பார்ப்பதில்தான் அவருக்குச் சந்தோஷம். பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ, "நாளையிலிருந்து வேறு எங்காவது சாப்பிடச் சொல்லம்மா, என் கையால் வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார். அவள் கேட்கவில்லை. "எப்படியும் வலிக்கத்தான் போகிறது. சித்தப்பா போடும் ரொட்டியிலேயே வலிக்கட்டும்" என்றாள்.

அவள் பட்ட அந்த ஆறு வாரமும் வீண் பாடு. ஒரே ஒரு காரியத்தை முன்பின்னாக மாற்றிச் செய்ததால் வந்தது. சீலியாக் என்ற குடல் நோய்க்கான இரத்தப் பரிசோதனைக்கு முன்பே அவள் கோதுமையை நிறுத்திவிட்டாள். இதைப் படிக்கிற யாராவது நாளைக் காலையிலிருந்து கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அவர்களிடம் இந்த ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவளுக்கு உடம்பு கெட ஆரம்பித்தது இருபத்தெட்டு வயதில். எதுவும் ஒரே நாளில் வரவில்லை. முதலில் களைப்பு. இரவுப் பணி பார்க்கிறாள், களைப்பு வராமல் என்ன செய்யும் என்றோம். பிறகு முடி கொட்டியது. பிள்ளை பெற்றவர்களுக்குக் கொட்டத்தான் செய்யும் என்றோம். பிறகு இரத்தசோகை. ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கியது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்; ஏறவில்லை. இன்னும் வீரியமான மாத்திரை கொடுத்தார்கள். சற்று ஏறி மீண்டும் இறங்கியது. ஆறு வருடத்தில் மூன்று கிளினிக்குகள். "கீரை சாப்பிடுங்கள், பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள்" என்றார்கள். அவள் முருங்கைக்கீரையைத் தின்று தீர்த்தாள். வாயில் போட்ட இரும்பு ஏன் இரத்தத்தில் சேரவில்லை என்ற கேள்வியை அந்த ஆறு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

கடைசியில் வழி காட்டியது ஒரு வாட்ஸ்அப் குழு. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு பெண்மணி நடத்திய உடல்நல வகுப்பு. கோதுமை மெல்லக் கொல்லும் விஷம், குளூட்டன்தான் இந்தக் காலத்து நோய்கள் அனைத்துக்கும் வேர் என்று அதில் தினம் ஒரு செய்தி வரும். தங்கை கோதுமையை நிறுத்தினாள். மூன்றே வாரத்தில் வயிறு அடங்கியது. இரண்டு மாதத்தில் முகத்தில் இரத்தம் ஓடியது. எங்கள் வீட்டில் அன்றைக்கு அந்தப் பெண்மணிதான் தெய்வம்.

நான்கு மாதம் கழித்து வேறு ஒரு காரணத்துக்காகப் பார்த்த மருத்துவர், பழைய இரத்த அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, சீலியாக் நோயாக இருக்குமோ என்று ஐயப்பட்டு அதற்கான பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். முடிவு: ஒன்றுமில்லை. எங்களுக்கு நிம்மதி. அவருக்கு நிம்மதி வரவில்லை. "கோதுமை சாப்பிடுகிறீர்கள்தானே?" என்று கேட்டார். நான்கு மாதமாக இல்லை என்றாள் தங்கை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் அன்று சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சீலியாக் என்பது ஒவ்வாமை அன்று. உடம்பின் நோயெதிர்ப்புப் படை தன் சொந்தக் குடலையே தாக்குகிற நோய். குளூட்டன் உள்ளே வரும்போதெல்லாம் அந்தப் படை எழும்பி எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். இரத்தப் பரிசோதனை தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான். குளூட்டன் வருவது நின்றால் படை மெல்லக் கலைந்துவிடும், பரிசோதனையில் ஒன்றும் சிக்காது. குடலும் ஆறத் தொடங்கிவிடுவதால், சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தாலும் திட்டமாகத் தெரியாமல் போகலாம். திருடன் போன பிறகு வீட்டைச் சோதிப்பது போல. ஆகவே மறுபடியும் சாப்பிட வேண்டும், சாப்பிட்டுப் படையை எழுப்ப வேண்டும், பிறகு சோதிக்க வேண்டும்.

"தெரிந்து என்ன ஆகப் போகிறது? கோதுமையை விட்டால் சரியாகிறது, விட்டுவிடுகிறேன், அவ்வளவுதானே" என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு அவர் சொன்ன பதில்தான் எங்களை அந்த ஆறு வாரத்துக்குச் சம்மதிக்க வைத்தது. இந்த நோய் இருப்பது உறுதியானால் பத்தியம் சாகும்வரை. ஒரு கல்யாண வீட்டில்கூட, ஒரு வாய்கூட விலக்கில்லை. எலும்பு தேய்ந்திருக்கிறதா, தைராய்டு எப்படியிருக்கிறது என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அந்த நெருங்கிய உறவில் பத்தில் ஒருவர் அளவுக்கு இது இருக்கிறது. நோய் இல்லை என்று தெரிந்தால் இவ்வளவு கடுமை வேண்டியதே இல்லை. பெயர் தெரியாத நோய்க்கு யாரும் முப்பது வருடம் பத்தியம் காக்க மாட்டார்கள் என்றார்.

---

குளூட்டனை விஷம் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை சித்தப்பா மாவு பிசைவதைப் பார்க்க வேண்டும்.

மாலையில் பெரிய அலுமினியச் சட்டியில் மைதாவைக் கொட்டி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, கெட்டிப்பால், தண்ணீர் சேர்த்துப் பிசைவார். முதல் ஐந்து நிமிடம் அது வெறும் ஈர மாவு. கையில் ஒட்டும், இழுத்தால் அறுந்துவிடும். பிசையப் பிசைய அதன் குணம் மாறும். பத்து நிமிடத்தில் ஒட்டாது. பதினைந்து நிமிடத்தில் அழுத்தினால் எழும்பி வரும், குழந்தையின் கன்னம் போல. பிறகு உருண்டை பிடித்து, மார்ஜரின் தடவி, இரவெல்லாம் அப்படியே விட்டுவிடுவார். "மாவு தூங்க வேண்டும்" என்பார். தூங்காத மாவை வீசினால் சுருங்கிக்கொண்டே இருக்கும், சொன்ன பேச்சைக் கேட்காது. தூங்கி எழுந்த மாவு, காலையில் அவர் விளிம்பைப் பிடித்து இரண்டு வீச்சு வீசியதும், ஒரு கை அளவு உருண்டையிலிருந்து மேசை நிறைய விரியும். கீழே செய்தித்தாள் இருந்தால் தலைப்பைப் படித்துவிடலாம், அவ்வளவு மெலிசு. ஆனால் கிழியாது.

கிழியாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் குளூட்டன். கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் இரண்டும் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடும். ஒன்று நீளக் கொடுக்கும், மற்றொன்று திரும்ப இழுக்கும். சித்தப்பா மாவைத் தூங்கவிடுவது இழுப்பதன் முறுக்கைத் தளர்த்தத்தான். ரொட்டி உப்புவதும், மீ நூடுல்ஸை மெல்லும்போது பல்லுக்கு எதிர்ப்புக் கொடுப்பதும் இந்த வலையால்தான். அரிசி மாவில் இது கிடையாது. அதனால்தான் இடியாப்ப மாவை யாரும் காற்றில் வீசுவதில்லை.

இந்தப் புரதத்தைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தங்கை மகளுக்குப் பதினொரு வயது, எதையும் பார்த்தால்தான் நம்புவாள். அவளுக்காக என் அடுப்படியில் செய்து காட்டினேன். பிசைந்த மாவு ஒரு பிடி எடுத்து, குழாயை மெல்லத் திறந்து, கையில் வைத்துக் கசக்கிக் கழுவினேன். பால் பாலாகத் தண்ணீர் இறங்கியது. அது மாவுச்சத்து. பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர் தெளிந்துவிட்டது. கையில் எலுமிச்சம்பழ அளவுக்கு, மங்கிய பழுப்பு நிறத்தில், மென்று துப்பிய சூயிங்கம் போல ஒரு கட்டி மிஞ்சியது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. இத்தாலியின் பொலோனியாவில் பெக்காரி என்பவர் 1728இல் செய்ததும் இதே வேலைதான். செடியிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட புரதம் என்று இதைத்தான் சொல்வார்கள். சீனச் சமையலில் இது அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. தைப்பூசத்துக்கு நோன்பிருக்கும்போது சைவக் கடையில் நாம் வாங்கிச் சாப்பிடும் "சைவ மட்டன்", "சைவ வாத்து" இவற்றில் பலவும் இந்தக் கட்டியைப் பொரித்தும் வேகவைத்தும் செய்ததுதான். தண்ணீர்மலைக்குக் காவடி தூக்குகிற நம் பிள்ளைகள் நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் அதைச் சாப்பிட்டுத்தான் உடம்பில் தெம்பு வைத்துக்கொள்கிறார்கள்.

தங்கை மகள் அந்தக் கட்டியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதுவா அம்மாவை இப்படிச் செய்கிறது?" என்று கேட்டாள். இது ஒன்றும் செய்யவில்லை, அம்மாவின் உடம்பில் காவலுக்கு இருக்கிறவன்தான் வந்த விருந்தாளியை எதிரி என்று நினைத்து வீட்டுக்குள்ளேயே சண்டை போடுகிறான் என்றேன். அதற்குமேல் எளிமையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சண்டை நடக்கும் இடம் சிறுகுடல். அதன் உட்சுவரில் கம்பளத்தின் இழைபோலக் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. சாப்பாட்டின் சத்தை இழுத்து இரத்தத்தில் சேர்ப்பது அவைதான். சீலியாக் நோயில் அந்த இழைகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. தங்கைக்குச் சேராமல் போன இரும்பெல்லாம் அங்கேதான் வழுக்கிப் போயிற்று. இரும்பு மட்டுமா, கால்சியம், ஃபோலேட், வைட்டமின் டி எல்லாமேதான். வயிற்றுப்போக்கே இல்லாமல் வெறும் இரத்தசோகையாகவும், எலும்புத் தேய்வாகவும், குழந்தை தங்காமல் போவதாகவும், முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் கொப்புளங்களாகவும் இந்த நோய் முகம் காட்டும். அதனால்தான் வருடக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறது.

கோதுமைதான் இதற்குக் காரணம் என்று உலகம் தெரிந்துகொண்ட விதம் ஒரு பஞ்சத்தின் கதை. லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் 1888இலேயே நோயைத் துல்லியமாக விவரித்து, இதற்கு வழி உண்டென்றால் அது உணவில்தான் என்று எழுதியிருந்தார். எந்த உணவு என்று தெரியவில்லை. 1924இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் வாழைப்பழப் பத்தியம் கொடுத்துக் குழந்தைகளைத் தேற்றினார். வாழைப்பழம்தான் மருந்து என்று பல வருடம் எல்லோரும் நம்பினார்கள். பழம் ஒன்றும் செய்யவில்லை, அந்தப் பத்தியத்தில் ரொட்டி இல்லை, அவ்வளவுதான். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு 1930களிலேயே ரொட்டியின்மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை வழியடைத்ததால் அங்கே ரொட்டி இல்லாமல் போயிற்று. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்றார்கள். ஊரே பட்டினியில் மெலிந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்தது, நோயும் திரும்ப வந்தது. டிக்கே அதை முறையாக ஆராய்ந்து 1950இல் முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். அதற்கு முன் எத்தனை குழந்தைகள், தாய் ஊட்டிய ரொட்டியாலேயே மெலிந்து செத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இது வெள்ளைக்காரர் நோய், நமக்கெல்லாம் வராது என்று எங்கள் உறவிலேயே ஒருவர் சொன்னார். முன்பு மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இந்தியாவில் இருபத்து மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், வடக்கே ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு நோய் இருந்தது. தெற்கே ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு ஒருவருக்கு. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள், டிகியூ2, டிகியூ8 என்று சொல்வார்கள், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே மூன்று வேளையும் கோதுமை, தெற்கே அரிசி.

இப்போது நம்மைப் பார்ப்போம். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் காலையில் பழைய சோறும் வெங்காயமும் சாப்பிட்டுவிட்டு மரம் சீவப் போனவர். அவருடைய பேத்தி காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குப் பிஸ்கட், மதியம் மீ கோரெங், இரவுப் பணியில் ரொட்டித்துண்டும் கோப்பியும் என்று வாழ்கிறவள். மரபணு கப்பலேறி வந்தபோது இருந்ததுதான், தட்டுதான் மாறிப்போனது. மலேசியாவில் மலாய், சீன, இந்திய இளம் வயதினர் 562 பேரின் இரத்தத்தைப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 1.25 பேரிடம் இந்த எதிர்ப்பொருள் இருந்தது. எதிர்ப்பொருள் இருப்பவர் எல்லோருக்கும் குடல் தேய்ந்திருக்கும் என்பதில்லை. ஆனாலும் நம் ஊரில் இது இல்லை என்று கையை விரிக்க முடியாது.

---

எனக்கு இரண்டு பக்கமும் வருத்தம் இருக்கிறது. கோதுமை ஒன்றும் செய்யாது என்று தங்கையை ஆறு வருடம் அலைய விட்டவர்கள்மேல் வருத்தம். கோதுமை எல்லோரையும் கொல்கிறது என்று பயமுறுத்துகிறவர்கள்மேலும் அதே அளவு வருத்தம்.

நம்மில் மிகப் பெரும்பாலானவர்களுக்குக் குளூட்டன் வெறும் புரதம். கோதுமையில் நூற்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பங்கு புரதம், வெள்ளை அரிசியில் ஏழு. கோதுமைப் புரதத்தில் முக்கால் பங்குக்கு மேல் குளூட்டன்தான். லைசின் என்ற ஒரு சத்து அதில் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. ரொட்டிக்குப் பருப்புக் குழம்பும் சப்பாத்திக்குப் பருப்பும் ஊற்றிச் சாப்பிடும் வழக்கத்தில் அந்தக் குறை தானாக அடைபட்டுப் போகிறது. நேர்மையாகச் சொன்னால், குளூட்டனால் கிடைக்கும் நன்மையைவிட, குளூட்டனோடு சேர்ந்து வரும் தவிட்டாலும் நாராலும் கிடைப்பதுதான் பெரிது. அதுவும் முழுக்கோதுமையில். அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறையினரை 1986 முதல் 2012 வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. குளூட்டன் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. நோயில்லாதவர்கள் குளூட்டனை ஒதுக்கும்போது முழுதானியத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடுவதால் இதயத்துக்குக் கெடுதல் வரலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

"ஆனால் விட்டதும் எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறதே" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் எதையெல்லாம் சேர்த்து விட்டார்கள் என்று மட்டும் கேட்பேன். ரொட்டி சானாயை விட்டவர் மார்ஜரினையும், அதன்மேல் தூவும் சர்க்கரையையும், கூடக் குடிக்கும் தேதாரிக் தேநீரையும் விட்டுவிட்டார். இன்னொன்றும் இருக்கிறது. கோதுமையில் குளூட்டன் தவிர ஃபிரக்டான் என்ற ஒருவகைக் கார்போஹைட்ரேட்டும் உண்டு. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். நார்வேயில் சீலியாக் இல்லாத, தாமாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு ஒரு வாரம் குளூட்டன், ஒரு வாரம் ஃபிரக்டான், ஒரு வாரம் இரண்டும் இல்லாதது என, எது எதில் இருக்கிறது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. வயிற்றை அதிகம் படுத்தியது ஃபிரக்டான். குளூட்டன் சாப்பிட்ட வாரத்துக்கும் ஒன்றும் கலக்காத வாரத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்த ஃபிரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் ஏராளம். கோதுமையை வில்லனாக்கிவிட்டு, வெங்காய சாம்பாரைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டு, ஏன் இன்னும் வயிறு உப்புகிறது என்று தவிப்பவர்கள் நம்மில் உண்டு. சீலியாக் இல்லாமலேயே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும், கோதுமை ஒவ்வாமையால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வாமை வேறு பரிசோதனை, வேறு வைத்தியம். எது தனக்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் குளூட்டன் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

விட்ட இடத்தில் எதை வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். தாமான் பெண்மணியின் வகுப்பில் சேர்ந்த பலர், குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பிஸ்கட்டுக்கும் ரொட்டிக்கும் மாறினார்கள். நான் தங்கைக்காக முதன்முதலில் வாங்கிய அப்படிப்பட்ட ஒரு ரொட்டி இருபது ரிங்கிட்டுக்கு மேல்; சாதாரண ரொட்டி ஐந்து ரிங்கிட் ஆகாது. பின்புறம் திருப்பிப் படித்தால் அரிசி மாவு, மரவள்ளி மாவு, எண்ணெய், சர்க்கரை. பிணைக்கும் வலை இல்லாததால் மாவுச்சத்தையும் பசையையும் போட்டுத்தான் அதை நிற்க வைக்க முடியும். நாரும் இரும்பும் அதில் பெரும்பாலும் குறைவு. இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும். பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரராக இருக்கும் நாட்டில், அதிலும் நம் இனத்தில் அது மிகுந்திருக்கும்போது, நோயே இல்லாத ஒருவர் காசு கொடுத்து இதை வாங்கிச் சாப்பிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. விட வேண்டிய நிலை வந்தால் நமக்குக் கேழ்வரகு இருக்கிறது, கம்பு இருக்கிறது, சோளம் இருக்கிறது. உளுந்தும் அரிசியும் ஆட்டிய தோசை மாவு இருக்கிறது. இவை எதிலும் குளூட்டன் கிடையாது. எவர்சில்வர் தூக்கில் தூக்கிப் போகலாம், இருபது ரிங்கிட் வேண்டாம்.

---

ஆறு வாரம் முடிந்ததும் எடுத்த இரத்தத்தில் எதிர்ப்பொருள் உச்சத்தில் இருந்தது. உள்நோக்கிக் குழாய் விட்டு எடுத்த சதைத் துணுக்கில் இழைகள் தேய்ந்து கிடந்தன. சீலியாக் நோய் என்று எழுத்தில் வந்தது. தங்கை அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "ஆறு வருடமாக நான் சோம்பேறி இல்லை, அக்கா" என்றாள். அதைத்தான் முதலில் சொன்னாள்.

அன்று மாலையே அவள் வீட்டு அடுப்படியை நாங்கள் இருவரும் காலி செய்தோம். மைதா, ரவை, சேமியா, கோதுமை கலந்துவரக்கூடிய ஓட்ஸ் எல்லாம் வெளியே போயின. இவை தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரி மஞ்சள் நிற டப்பாவில் இருந்தது. பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அசல் பிசின் கொஞ்சம்தான். கட்டி சேராமலிருக்கவும் காரத்தைத் தணிக்கவும் மாவு கலப்பார்கள், பெரும்பாலும் கோதுமை மாவு. எழுத்து எறும்பு அளவில் இருந்ததால் செல்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். சாம்பார், ரசம், வடை, ஊறுகாய், கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடி, எல்லாவற்றிலும் அது. ரொட்டியை விட்டிருந்த அந்த நான்கு மாதமும் தினமும் ரசத்தின் வழியாகக் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்கிறார்கள், தேடினால் கிடைக்கும்.

அடுத்தது கிச்சாப், அதாவது சோயா சாஸ். சோயா அவரையில்தானே செய்கிறார்கள் என்று நினைப்போம். கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள். குவே தியாவ் நூடுல்ஸ் அரிசியில் செய்ததுதான், ஆனால் கறுப்புக் கிச்சாப் ஊற்றாமல் அதை யார் வறுப்பார்கள்? பார்லித் தண்ணீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று வெயில் நாளில் கோப்பிக் கடையில் கேட்டு வாங்குவோம். பார்லியிலும் இதே குடும்பத்துப் புரதம் உண்டு. மைலோவில் இருக்கும் மால்ட், பார்லியிலிருந்து வருவது. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் அன்பாக நீட்டிய பார்லித் தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் இந்த வருடத்தில் தங்கைக்கு மிகவும் கஷ்டமாக இருந்ததாம். கோயில் கேசரி ரவை. சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் மட்டும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது" என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். இத்தாலியில் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில் குடல் இழைகள் தேயத் தொடங்கின. ஒரு ரொட்டித்துண்டில் இருக்கும் குளூட்டன் ஏறத்தாழ இரண்டு கிராம். அதை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒரு துணுக்கு, அந்த 50 மில்லிகிராம். குளூட்டன் இல்லாதது என்று பொட்டலத்தில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக அளவில் விதி வைத்திருப்பது இதனால்தான். மாமாக் கடையில் ரொட்டி போட்ட கல்லிலேயே தோசையும் வார்த்தால், அந்தத் தோசை அவளுக்கு ஆகாது. பஜ்ஜி பொரித்த எண்ணெயில் பொரித்த அப்பளம் ஆகாது.

குளூட்டன் பயத்தை மோஸ்தராக்கியவர்கள் அவளுக்குச் செய்த கெடுதல் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில், எனக்குக் கோதுமை ஆகாது, கிச்சாப் வேண்டாம் என்று அவள் சொன்னபோது, பரிமாறிய பெண் சிரித்தபடி "டயட்டா?" என்று கேட்டாள். கிச்சாப்போடுதான் தட்டு வந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. நேற்று குளூட்டன் வேண்டாம் என்று சொன்ன ஒருவர், சாப்பிட்டு முடித்துவிட்டு ஒரு துண்டு கேக் வாங்கிப் போயிருப்பார். அவளும் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்.

சித்தப்பா புதிதாக ஒரு இரும்புத் தோசைக்கல் வாங்கிப் பழக்கி, எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கடையிலிருந்து திரும்பியதும் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் அதைத் தொடுவார். முப்பது வருட மாவு தன் முடியிலும் துணியிலும் ஒட்டியிருக்கும் என்று அவருக்கே ஒரு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு அவர்தான் தோசை வார்க்கிறார். வீசிப் பழகிய கை, வார்க்கும்போது இன்னும் அவசரப்படுகிறது. போன மாதப் பரிசோதனையில் அவளுக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்டது, மாத்திரை இல்லாமல்.

மற்றவர்களின் பரிசோதனையும் நடந்தது. எனக்கு இல்லை, எங்கள் அம்மாவுக்கும் இல்லை. மிச்சம் தங்கை மகள். ஒரு மாதமாக அவளுக்கு வயிற்று வலி என்றதும் தங்கைக்குக் கையும் காலும் ஓடவில்லை. விசாரித்ததில், அம்மாவுக்கு ஆகாதது எனக்கும் வேண்டாம் என்று பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் அவள் ரொட்டி, மீ எல்லாவற்றையும் தானாகவே நிறுத்தியிருந்தது தெரிந்தது. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டோம். ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்து, அதுவரை தினமும் சாப்பிட வையுங்கள் என்றார். தங்கையால் அதைத் தன் கையால் ஊட்ட முடியவில்லை. நான்தான் பள்ளிக்குப் போகும் வழியில் அவளைக் கடைக்குக் கூட்டிப் போகிறேன்.

முதல் நாள் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா கல்லை விட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். முன்பு தங்கையின் முகத்தைப் பார்க்காத மனிதர், இவள் மெல்லும் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை தாத்தா." "வலித்தால் சொல்ல வேண்டும்." "சரி." இரண்டாவது ரொட்டியை அவளே கேட்டு வாங்கினாள்.

இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. அடுத்த வியாழக்கிழமை இரத்தம் எடுக்கிறார்கள்.